ஓய்வெடுக்கும் வேலை

சாந்தாமணிக்கு அந்த வேலை கிடைத்ததை அவள் புருஷன் தேவராஜ் நம்பவில்லை. லேத்துப் பட்டறையிலிருந்து வந்து, கையில் இருந்த கிரீஸைக் கழிவுப் பஞ்சில் துடைத்துக்கொண்டே, என்ன வேலை என்று இரண்டு தரம் கேட்டான். ஓய்வெடுக்கிற வேலை என்று அவளும் இரண்டு தரம் சொன்னாள்.

"படுத்துக் கெடக்கறதுக்கு ஆள் எடுக்கறாங்களா? ஞாயித்துக்கெழமைல என்னைய வந்து பாத்திருந்தா உன்னைய எடுத்திருக்கவே மாட்டாங்க."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். கனிஷ்கா போன பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. சிரித்த கையோடு, ஏதோ தப்புச் செய்துவிட்டவன் மாதிரி எழுந்து குளிக்கப் போய்விட்டான்.

கனிஷ்கா அவர்களுடைய ஒரே மகள். ஆறு வயதில், ஒரு மழைக்காலத்தில், டெங்குக் காய்ச்சலில் போய்விட்டாள். அதற்கப்புறம் சாந்தாமணியால் ஸ்பின்னிங் மில்லில் நிற்க முடியவில்லை. கண் முன்னால் நூல் அறுந்து சுற்றும், இவள் பார்த்துக்கொண்டே நிற்பாள். மேஸ்திரி நல்ல மனுஷன். திட்டாமல், கொஞ்ச நாள் வீட்டில் இரும்மா என்றார். அந்தக் கொஞ்ச நாள் இரண்டு வருடமாகிவிட்டது.

புது வேலை காளப்பட்டி ரோட்டில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில். அங்கே முன்பு மற்ற இடங்களைப் போலத்தான் இருந்தது. இருபத்தைந்து நிமிடம் தலை நிமிராமல் வேலை, ஐந்து நிமிடம் இடைவேளை, நாலு சுற்று முடிந்தால் கொஞ்சம் பெரிய இடைவேளை. மணி அடித்ததும் வேலை செய்கிற பிள்ளைகள் கூட்டமாக இறங்கி வந்து எதிரே இருக்கும் பேக்கரியில் நிற்பார்கள். டீ குடிப்பார்கள், தேங்காய் பன் தின்பார்கள், ஒருத்தரை ஒருத்தர் ஓட்டிக்கொள்வார்கள். அப்படி நின்றதில் இரண்டு கல்யாணம்கூட முடிந்திருக்கிறது. மேலே இருந்த யாரோ ஒருவர் அந்த ஐந்து ஐந்து நிமிடங்களை எல்லாம் ஒருநாள் கூட்டிப் பார்த்தார். அதன் பிறகுதான் காதுப் பட்டை வந்தது.

காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் சின்னப் பட்டை. ஒருவர் ஐந்து நிமிடம் நிஜமாக ஓய்வெடுத்தால், அந்த ஓய்வை அது பிடித்து இன்னொருவருக்குச் சில நொடிகளில் ஏற்றிவிடும். வேலை செய்கிறவர் கண்ணை மூடித் திறப்பதற்குள் இடைவேளை முடிந்துவிடும், அடுத்த சுற்று ஆரம்பித்துவிடும். மெஷினே ஓய்வைத் தயாரிக்காதா என்று பார்த்தார்கள். அது ஏறின பிள்ளைகளுக்கு ஒரே வாரத்தில் தலைவலி, குமட்டல். கடைசியில், ஓய்வெடுக்க மனிதர்தான் வேண்டும் என்றாகிவிட்டது. ஒருவர் படுத்தால் ஒரு ஹாலுக்கே போதும்.

ஆள் எடுத்த அன்று நிறையப் பேர் வந்திருந்தார்கள். தியானம் சொல்லிக்கொடுக்கும் ஒருவர் விரிப்பை எல்லாம் கையோடு கொண்டுவந்திருந்தார். அவரிடமிருந்து பட்டையில் வந்தது, நாம் சரியாக ஓய்வெடுக்கிறோமா என்ற கவலை மட்டும்தானாம். சாந்தாமணி படுத்த இரண்டாவது நிமிடம் சூப்பர்வைசர் ரெஹானா தன் காதில் ஒட்டியிருந்த பட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

ரெஹானாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. உக்கடத்துப் பெண். வேலையை விளக்கும்போது ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொன்னாள்.

"அக்கா, என்ன நெனச்சுப் படுக்கறீங்கன்னு நான் கேக்க மாட்டேன். அது உங்க சொந்த விஷயம். ஆனா ஒண்ணையே திரும்பத் திரும்ப நெனைக்காதீங்க. காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணுன்னு மாத்திக்கிட்டே இருங்க."

"ஏனுங் மேடம்?"

"ஒரே போர்ல தண்ணி எடுத்துட்டே இருந்தா என்னாகும்? அந்த மாதிரிதான்."

சாந்தாமணி தலையாட்டினாள். ஆனால் அவளிடம் இருந்தது ஒரே போர்தான்.

அது ஒரு மத்தியான நேரம். அந்த ஒரு நாள் என்றில்லை, அந்த மாதிரிப் பல நாட்கள் சேர்ந்து ஒன்றாகிப்போன ஒரு மத்தியானம். மில்லில் காலை ஷிப்ட் முடிந்து, தலைமுடியில் பஞ்சுத் தூசியோடு வீட்டுக்கு வருவாள். மேல் கழுவிக்கொண்டு வெறும் தரையில் படுப்பாள். மொசைக் தரை முதுகில் சில்லென்று ஏறும். மேலே மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு 'கடக்' சொல்லும். பாலர் பள்ளியிலிருந்து வந்து சோறு தின்றுவிட்டு கனிஷ்கா பக்கத்தில் வந்து குறுக்காகப் படுப்பாள். தலையில் தேங்காய் எண்ணெய் வாசனை. கையில் பென்சில் சீவின வாசனை. இடம் பற்றாமல் அம்மாவை இடிப்பாள்.

"அக்கட்ட தள்ளிப் படும்மா."

சாந்தாமணி "ம்" என்பாள். அசையமாட்டாள். எட்டு மணி நேரம் நின்ற உடம்பு, அசைய வராது. குழந்தை இன்னொரு தரம் சொல்லும், அப்புறம் சொல்வதை விட்டுவிட்டு, தன் காலைத் தூக்கி அம்மாவின் வயிற்றின் மேல் போட்டுக்கொண்டு தூங்கிவிடும். கணுக்காலில் கட்டின கறுப்புக் கயிறு வயிற்றில் லேசாக உறுத்தும். அந்தக் கனம், அந்த உறுத்தல், விசிறியின் 'கடக்'. உலகத்தில் அதைவிட நல்ல ஓய்வு எதுவும் சாந்தாமணிக்குத் தெரியாது.

வீட்டில் படுத்து அதை நினைத்தால் அழுகைதான் வரும். கம்பெனி அறையில் அப்படி இல்லை. பட்டை ஒட்டியிருக்கும்போது பின்னால் வந்ததெல்லாம், ஆஸ்பத்திரி, குளுக்கோஸ் பாட்டில், வராந்தாவில் தேவராஜ் தலையில் அடித்துக்கொண்டது, எதுவும் உள்ளே வராது. மத்தியானம் மட்டும் முழுசாக வரும். குழந்தை முழுசாக வரும்.

ஹாலில் இருப்பவர்களுடைய இடைவேளைதான் இவளுடைய வேலை. அவர்களுடைய ஒவ்வொரு சுற்றிலும் கடைசி ஐந்து நிமிடம் இவள் படுப்பாள், மீதி இருபது நிமிடமும் இவளுக்கு இடைவேளை. போன் பார்க்கக் கூடாது, மனசு கலங்கும்படி எதுவும் பேசக் கூடாது. ஜன்னல் வழியாகத் தென்னை மரங்களையும் தூரத்து மலையையும் பார்த்தபடி அந்த நேரத்தைத் தள்ளுவாள். எப்போது மணி அடிக்கும் என்றிருக்கும். மணி அடித்ததும் ஓடிப்போய்ப் படுப்பாள். சம்பளத்தைப் பற்றிக் கேட்டால் சொல்வாளே தவிர, அவள் அங்கே போனது அதற்காக இல்லை. ஒரு நாளைக்கு அத்தனை தரம் மகளோடு படுத்துக்கொள்ள வேறு எங்கே விடுவார்கள்? மாற்றி மாற்றி நினைக்கச் சொன்னதை அவள் ஒரு நாளும் செய்யவில்லை.

முதல் நாலைந்து மாதம் அவளைப் பார்த்தவர்கள் ஆள் தேறிவிட்டாள் என்றார்கள். கொஞ்சம் சதை போட்டது. தேவராஜுக்குக் காலையில் சண்டை போடாமல் டிபன் கட்டிக் கொடுத்தாள். ரெஹானா வாரா வாரம் வந்து, உங்க ஹால்தான் அக்கா பர்ஸ்ட் என்பாள். அந்த ஹாலில் யார் இருக்கிறார்கள் என்று சாந்தாமணிக்குத் தெரியாது. ஓய்வெடுப்பவர்கள் வருவதற்குத் தனி வாசல். வேலை செய்கிறவர்களைப் பார்க்கக் கூடாது, பார்த்தால் அவர்களைப் பற்றிய கவலை ஓய்வில் கலந்துவிடும் என்று விதி.

முதலில் போனது பென்சில் வாசனை. படுத்தாள், எண்ணெய் வாசனை வந்தது, இது வரவில்லை. பரவாயில்லை, நாளைக்கு வரும் என்று விட்டுவிட்டாள். வரவில்லை. அப்புறம் விசிறிச் சத்தம். விசிறி சுற்றுவது தெரிந்தது, ஊமையாகச் சுற்றியது. அடுத்து எண்ணெய் வாசனையும் போயிற்று. படுத்தாலும் அவள் இப்போது ஓய்வெடுக்கவில்லை, தேடினாள். எந்தக் கால் வயிற்றின் மேல் இருக்கும், வலதா இடதா? காலில் ஏதோ இருக்குமே, கொலுசா, வேறு ஏதாவதா? குழந்தை படுக்கும்போது ஏதோ சொல்லும். என்ன சொல்லும்?

போட்டோ இருந்தது. வீடியோகூட இருந்தது, பள்ளி ஆண்டுவிழாவில் வண்ணத்துப்பூச்சி வேஷம் போட்டு ஆடினது. முகத்தை அதில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் போட்டோவில் இருக்கிற குழந்தைக்குக் கனம் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவராஜ் டிவியைப் போட்டுவிட்டுப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தான். சாந்தாமணி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மகளைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை என்பது சொல்லிக்கொள்ளாத ஏற்பாடு. அதை அவள்தான் முதலில் மீறினாள். மத்தியானம் என் பக்கத்தில் படுக்கும்போது பாப்பா ஏதோ சொல்லுவாளே, அது என்ன என்று கேட்டாள்.

தேவராஜ் டிவியின் சத்தத்தைக் குறைத்தான்.

"மத்தியானத்துல நான் பட்டறைல இல்ல இருந்தேன்," என்றான். "அந்நேரத்துக்கு வூட்ல நீங்க ரெண்டு பேருந்தான இருந்தீங்க."

அது அவளுக்கும் தெரியும். ரெண்டு பேர்தான் இருந்தார்கள். இப்போது ஒருத்திதான் இருக்கிறாள், அவளும் மறந்துவிட்டாள்.

"எதுக்குக் கேக்கற?"

"மறந்து போச்சுங்."

அவன் டிவியை அணைத்தான். திட்டுவான் என்று நினைத்தாள். அவன் அவள் தலையில் கையை வைத்தான், எடுத்தான், வெளியே போய்விட்டான். செருப்புப் போடாமல் போனதை அவள் அப்புறம்தான் கவனித்தாள்.

மறுநாள் அறையில் படுத்தபோது வெறும் தரை மட்டும்தான் இருந்தது. மூன்று சுற்று அப்படியே போனது. நாலாவது சுற்றில் ரெஹானா கதவைத் திறந்துகொண்டு வந்தாள். ஹாலில் எல்லோரும் எரிந்து விழுகிறார்கள், ஒரு பெண் கம்ப்யூட்டரை மூடிவிட்டு எழுந்து போய்விட்டாள் என்றாள். சாந்தாமணியின் முகத்தைப் பார்த்ததும் கதவைச் சாத்திவிட்டுத் தரையில் அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"ஒரே நெனப்புதானாக்கா, இத்தன நாளும்?"

"ஆமாங்."

"நான் சொன்னேன்லக்கா."

"சொன்னீங்." சாந்தாமணி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "உங்குளுக்கு முன்னயே தெரியுங்ளா?"

ரெஹானா துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "ரெண்டாவது மாசமே தெரியும். அலை ஒரே மாதிரி வரும், ஸ்கிரீன்ல தெரிஞ்சுரும். ரிப்போர்ட்ல நம்ம ஹால்தான் மேல இருந்துச்சு. கேக்கணும் கேக்கணும்னு நெனச்சு, கேக்காமயே விட்டுட்டேன்."

அவளைக் கோபித்துக்கொள்ள சாந்தாமணிக்குத் தோன்றவில்லை. தனக்கும் தெரிந்துதானே நடந்தது. ஒன்று மட்டும் கேட்டாள். "அந்த மெசின்ல இருக்குங்ளா? பழசு எதாச்சு? ஒருக்கா எனக்கே திருப்பி ஏத்த முடியுங்ளா?"

"தங்காதுக்கா. ஏத்தின ஒடனே காலியாயிரும். சேத்து வெக்க முடிஞ்சா உங்கள எதுக்கு டெய்லி வரச் சொல்றோம்?"

"அப்ப அது எங்க போச்சு கண்ணு?"

மேடம் என்பது போய்க் கண்ணு என்று வந்ததில் ரெஹானாவின் கண் நிறைந்துவிட்டது. "அவங்களுக்குத்தான் போச்சு. ஆனா அவங்களுக்கு என்ன ஏதுன்னு தெரியாது. மனசு லேசானாப்புல இருக்கும், அவ்வளவுதான்."

வேறு எதையாவது நினைத்துப் படுத்துப் பாருங்கள், ஒரு மாதம் நேரம் வாங்கித் தருகிறேன் என்றாள். சாந்தாமணி யோசித்துப் பார்த்தாள். கல்யாணமான புதுசில் தேவராஜோடு வால்பாறை போனது இருந்தது. சின்ன வயதில் வாய்க்காலில் குளித்தது இருந்தது. அவற்றையும் எடுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு எதைக் கொண்டுபோவது? வேண்டாமுங்க என்று சொல்லிவிட்டாள்.

கணக்கை முடித்து அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்க ஒரு நாள் சாயங்காலம் வரச் சொன்னார்கள். கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். பஸ் வர நேரமிருந்தது. எதிரே பேக்கரி பெஞ்சில் போய் உட்கார்ந்து ஒரு டீ சொன்னாள். இத்தனை மாதத்தில் அங்கே அவள் டீ குடித்ததில்லை. முன்பு ஆள் நிற்க இடமில்லாத கடையாம். இப்போது கண்ணாடிப் பெட்டியில் பாதிதான் பன் இருந்தது.

சாலையைக் கடந்து ஒரு பையன் வந்தான். இருபத்தாறு இருபத்தேழு வயது. காதுக்குப் பின்னால் பட்டை. பேக்கரிக்காரருக்கு அவனைப் பார்த்ததும் குஷி.

"வாங்க தம்பி. மேல ஊத்தற இடைவேளை பத்தலீங்ளாட்ட இருக்குது?"

"அத ஏன்ணே கேக்கிய. ஆள மாத்திட்டாவ. புது ஆளு ஓய்வெடுத்தா எனக்குக் கடல்ல கெடக்க மாதிரி இருக்கு. உப்புத்தண்ணி வாயில போன மாதிரி. அதான் இறங்கி வந்துட்டேன். திட்டினாத் திட்டட்டும்."

திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. பேர் ஜெபசிங் என்று பேக்கரிக்காரர் கூப்பிட்டதில் தெரிந்தது. அங்கே இருந்தது ஒரே பெஞ்சு என்பதால் சாந்தாமணிக்குப் பக்கத்தில், கொஞ்சம் இடைவெளி விட்டு உட்கார்ந்தான். அவன் எந்த ஹால் என்று அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டது. எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. போகவில்லை.

"பழைய ஆளோடது நல்லா இருந்துச்சுங்ளா?" என்று கேட்டாள்.

அவன் திரும்பிப் பார்த்தான். புடவை கட்டின, நரை ஓடின ஒரு பொம்பளை, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறாள். அந்த மாதிரி ஆட்களிடம் சொல்வதில் ஒரு சௌகரியம் இருக்கிறது.

"அத எப்படிச் சொல்லுததுன்னு தெரியலக்கா. சிரிக்கக் கூடாது."

"சிரிக்க மாட்டேனுங்."

"எனக்குக் கல்யாணமே ஆகல. ஆனா அந்த ஓய்வு ஏறும்போது வயித்து மேல ஒரு புள்ளையோட காலு இருக்கும்." அவன் தன் சட்டையில் வலது பக்கமாகக் கை வைத்துக் காட்டினான். "இங்கன. இடது காலு. கணுக்கால்ல ஒரு கயிறு கெட்டிருக்கும், அது லேசா குத்தும். மேல ஒரு பேன் ஓடும், கடக்கு கடக்குன்னு. மொதல்ல இதெல்லாம் இல்ல. சும்மா சொகமா இருக்கும். ரெண்டு மூணு மாசம் கழிச்சுக் கொஞ்சம் கொஞ்சமா வந்துச்சு. பக்கத்து சீட்டு பிள்ளையும் அதையேதான் சொல்லுதா. அவ இடைவேளைல வயித்த ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிடுவா, கால் வழுகிரக் கூடாதுன்னு."

சாந்தாமணி டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தாள்.

இடது கால். கயிறு. கொலுசு இல்லை, கயிறு. கறுப்புக் கயிறு. மாரியம்மன் கோவிலில் மந்திரித்து இவள்தான் கட்டினாள்.

"அது எதாச்சுப் பேசுங்ளா?" என்று கேட்டாள்.

"காதுல கேக்காதுக்கா. தூக்கத்துல யாரோ கூப்பிட்டு முழிச்சா அந்த வார்த்த மட்டும் நிக்கும்லா, அப்படி. 'அக்கட்ட தள்ளிப் படும்மா'ன்னு." அதை மட்டும் அவன் தன் ஊர்ப்பேச்சில் சொல்லவில்லை. ஒரு குழந்தை எப்படி இழுத்துச் சொல்லுமோ அப்படிச் சொன்னான். "எங்க ஊர்ல அந்த வார்த்த கெடையாது. இந்த அண்ணன்ட்டதான் அர்த்தம் கேட்டேன். என்ன அம்மாங்குது பாருங்க, மீச வச்ச பயல."

பேக்கரிக்காரர் உள்ளேயிருந்து, ஆமாமா, கேட்டான், கேட்டான் என்றார்.

பஸ் வந்தது, நின்றது, போனது. சாந்தாமணி எழுந்திருக்கவில்லை. முதுகில் சில்லென்று தரை ஏறியது. விசிறி கடக் என்றது. அது அவளுக்குள்ளிருந்து வந்ததா, அவன் சொன்னதிலிருந்து வந்ததா என்று அவளால் சொல்ல முடியாது. இனி எப்போதும் சொல்ல முடியாது. எட்டு மணி நேரம் நின்ற உடம்போடு அந்த மத்தியானத்துப் பொம்பளை படுத்திருக்கிறாள். குழந்தை கேட்கிறது. அவள் "ம்" என்கிறாள். அசையவில்லை. ஒரு நாளும் அசையவில்லை.

"அப்படி அது கேட்டா," என்றாள், "நீங்க என்ன பண்ணுவீங்க தம்பி?"

"என்னத்தக்கா பண்ண? தள்ளிப் படுப்பேன். பச்சப் புள்ளைக்கு எடம் வேணும்லா."

"எப்பவுமுங்ளா?"

"எப்பவும். மனசுக்குள்ளதான், இருந்தாலும் நவுந்து குடுத்துருவேன்." அவன் காலி கிளாஸைக் கையில் உருட்டிக்கொண்டு யோசித்தான். "ஆனா ஒண்ணுக்கா. எம்புட்டுத் தள்ளிப் படுத்தாலும் அது கால எடுக்காது. எடம் இருந்தாலும் காலு மேலதான்."

எதிரே மேலே, கம்பெனிக் கண்ணாடிக்குப் பின்னால் மணி அடித்தது. ஜெபசிங் காசைக் கொடுத்துவிட்டு, ஒரு தரம் திரும்பி நின்றான். அக்கா ஏன் இதையெல்லாம் கேட்டீங்க என்று கேட்டான். சும்மாதானுங்க, நேரம் போகணுமில்ல என்றாள். அவன் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சரிக்கா என்று சொல்லிவிட்டுச் சாலையைக் கடந்து போனான். போகும்போது அவன் கை தானாக வயிற்றுப் பக்கம் போயிருந்தது.

பேக்கரிக்காரர் வந்து கிளாஸ்களை எடுத்தார். இன்னொரு டீ போடட்டுமா என்றார். போடுங்க என்றாள். பெஞ்சு முழுக்கக் காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் சாந்தாமணி கொஞ்சம் அக்கட்ட தள்ளி உட்கார்ந்தாள்.